தோட்டத்துப் பூச்சிகளை நெருங்கிப் படமெடுத்தல்: வாசகர் கேள்வி – பதில்

பூச்சிகளைப் படமெடுப்பது குறித்து வாசகர்கள் அனுப்பிய கேள்விகளில் பல, ஒரே சிக்கலைத்தான் வெவ்வேறு விதமாகக் கேட்டிருந்தன. அப்படிப்பட்டவற்றை ஒன்றாகச் சேர்த்து, சிலவற்றைச் சுருக்கி, இங்கே பதில் எழுதியிருக்கிறேன்.

கேள்வி: என்னிடம் 18-55 மி.மீ., 55-250 மி.மீ. என இரண்டு ஜூம் லென்ஸ்கள் இருக்கின்றன. பொறிவண்டை எவ்வளவு நெருங்கி எடுத்தாலும் படத்தில் அது ஒரு புள்ளியாகத்தான் தெரிகிறது. மேக்ரோ லென்ஸ் வாங்கியே ஆக வேண்டுமா?

பதில்: உடனே வாங்க வேண்டியதில்லை. பூச்சியின் உடலில் 10 மி.மீ. நீளமுள்ள ஒரு பகுதி, கேமராவின் சென்சார் மீதும் 10 மி.மீ. நீளத்துக்கே விழுமானால் அதை 1:1 உருப்பெருக்கம் என்கிறோம். மேக்ரோ லென்ஸ்களில் பெரும்பாலானவை இந்த அளவை எட்டக்கூடியவை. கேமராவுடன் வரும் சாதாரண ஜூம் லென்ஸ்களோ இதில் நான்கில் ஒரு பங்கு அல்லது மூன்றில் ஒரு பங்கோடு நின்றுவிடுகின்றன. உங்கள் பொறிவண்டு புள்ளியாகத் தெரிவதற்கு இதுவே காரணம்.

உங்களிடம் 55-250 மி.மீ. லென்ஸ் இருப்பதால், அதன் முன்புறம் திருகிப் பொருத்தும் குளோஸ்-அப் ஃபில்டர் ஒன்றை வாங்கிப் பழகுவதே நல்ல தொடக்கம் என்பது என் கருத்து. 4 டயாப்டர் திறனுள்ள ஃபில்டரைப் பொருத்தி, லென்ஸை 250 மி.மீ.க்கு நீட்டி, ஃபோகஸைத் தொலைவின் எல்லையில் (∞ குறியில்) வைத்தால், ஃபில்டருக்கு 25 செ.மீ. முன்னால் இருக்கும் பூச்சி ஏறத்தாழ 1:1 அளவிலேயே பதிவாகும். 25 செ.மீ. என்பது கூச்ச சுபாவமுள்ள பூச்சிக்கும் கேமராவுக்கும் நடுவே மிகத் தாராளமான இடைவெளி. 100 மி.மீ. மேக்ரோ லென்ஸில்கூட 1:1 அளவுக்குச் செல்லும்போது, லென்ஸின் முனைக்கும் பூச்சிக்கும் இடையே அதில் பாதியைவிடச் சற்றுக் கூடுதலான தூரமே மிஞ்சும். ஆனால் ஃபில்டர் வாங்கும்போது, ஒற்றைக் கண்ணாடியால் ஆன மலிவான வகையைத் தவிர்த்து, இரண்டு கண்ணாடிகளை ஒட்டிச் செய்த அக்ரோமேட் வகையையே தேர்ந்தெடுங்கள். ஒற்றைக் கண்ணாடி வகையில் பூச்சியின் கால்களையும் உணர்கொம்புகளையும் சுற்றி ஊதாவும் பச்சையுமாக நிற விளிம்புகள் தோன்றி, எடுத்த படத்தைக் கெடுத்துவிடும்.

18-55 மி.மீ. லென்ஸுக்கு எக்ஸ்டென்ஷன் டியூப் பொருந்தும். கேமராவுக்கும் லென்ஸுக்கும் நடுவில் பொருத்தும் இந்தக் குழாயில் கண்ணாடி எதுவும் இல்லை. அது லென்ஸைச் சென்சாரிலிருந்து தள்ளிவைக்கும் வேலையை மட்டுமே செய்கிறது. குழாயின் நீளத்தை லென்ஸின் குவியத் தூரத்தால் (18, 55 என லென்ஸில் குறித்திருக்கும் மி.மீ. அளவால்) வகுத்தால், கூடுதலாகக் கிடைக்கும் உருப்பெருக்கம் தெரிந்துவிடும். 55 மி.மீ. நிலையில் 25 மி.மீ. குழாய் பொருத்தினால் ஏறக்குறைய 0.45 பங்கு கூடும். லென்ஸை 18 மி.மீ.க்குச் சுருக்கிவிட்டு இதே குழாயைப் பொருத்தினால் ஃபோகஸ் ஆகும் இடம் லென்ஸுக்கு உள்ளேயே போய்விடுவதால் படமே கிடைக்காது என்பதை நினைவில் வையுங்கள். குழாயில் மின்தொடர்பு முனைகள் இருக்கின்றனவா என்றும் பார்த்து வாங்க வேண்டும். அவை இல்லாவிட்டால் பெரும்பாலான இன்றைய லென்ஸ்களில் அபெர்ச்சரை, அதாவது ஒளி நுழையும் துளையின் அளவை, மாற்ற முடியாது (இந்த அளவைக் குறிப்பதே எஃப் எண்; எண் கூடினால் துளை சிறுக்கும்).

கேள்வி: ஊசித்தட்டானின் தலை தெளிவாக விழுந்தால் வால் மங்கிவிடுகிறது. முழுவதும் தெளிவாக வரட்டும் என்று எஃப் 22 வைத்து எடுத்தால் படம் மொத்தமாகவே கூர்மை இழக்கிறது. எங்கே தவறு?

பதில்: நெருங்கிப் படமெடுப்பதில் எல்லோரும் முட்டி நிற்கும் இடம் இதுதான். ஆகவே இதற்குச் சற்று விரிவாகவே பதில் சொல்கிறேன்.

பெரிய சென்சார் கொண்ட முழு ஃபிரேம் கேமராவில், எஃப் 8 வைத்து, 1:1 அளவில் எடுக்கும்போது தெளிவாக விழும் ஆழம் ஏறத்தாழ 1 மி.மீ. மட்டுமே. அபெர்ச்சரை எஃப் 16 ஆகச் சுருக்கினாலும் அது 2 மி.மீ.யை எட்டுவதில்லை. அதே வேளையில் இன்னொரு விளைவும் சேர்ந்துகொள்கிறது. லென்ஸ் மிக அருகில் ஃபோகஸ் செய்யும்போது, அதன் அபெர்ச்சர் கேமராவின் திரையில் காட்டும் எண்ணைவிடச் சிறியதாகவே செயல்படும். உருப்பெருக்கத்துடன் ஒன்றைக் கூட்டி, அந்தத் தொகையால் எஃப் எண்ணைப் பெருக்கினால் உண்மையான மதிப்பு கிடைக்கும். 1:1 அளவில் எஃப் 8 என்பது எஃப் 16 போலவும், நீங்கள் வைத்த எஃப் 22 என்பது எஃப் 44 போலவும் நடந்துகொள்கின்றன. அவ்வளவு சிறிய துளையின் வழியே வரும் ஒளி, விளிம்பு விளைவால் பரவி விழுவதால், பூச்சியின் நுண்ணிய ரோமங்களும் கூட்டுக்கண்ணின் அறுகோணக் கட்டங்களும் ஒன்றோடொன்று கலந்து மழுங்கிவிடுகின்றன. லென்ஸில் பழுதில்லை, நீங்கள் வைத்த எண்தான் வரம்பு மீறியது. 1:1 அளவில் எஃப் 8 முதல் எஃப் 11 வரை வைத்துக்கொள்ளுங்கள். பாதி அளவில் எடுக்கும்போது எஃப் 16 வரை செல்லலாம்.

அப்படியானால் ஆழத்துக்கு என்ன வழி? முதல் வழி, சற்றுப் பின்வாங்குவது. 1:1 என்பதிலிருந்து 1:2க்கு வந்தால், அதே எஃப் 8இல் தெளிவாக விழும் ஆழம் 1 மி.மீ.யிலிருந்து சுமார் 3 மி.மீ.யாக உயர்கிறது. பூச்சி படத்தில் சிறியதாகத் தெரியும் என்பது உண்மைதான். இன்றைய சென்சார்களின் நுணுக்கத்தைக் கருதினால், படத்தைப் பின்னர் வெட்டிப் பெரிதாக்கிக்கொள்வதில் பெரிய இழப்பில்லை. படத்தின் சட்டகம் நிறையப் பூச்சியை அடைத்துவிட வேண்டும் என்ற ஆசையை அடக்கிக்கொண்டவர்களின் படங்களே பெரும்பாலும் தெளிவாக இருப்பதை நான் கவனித்திருக்கிறேன்.

இரண்டாவது வழிக்குச் செலவே இல்லை. ஆனால் பயிற்சி வேண்டும். பூச்சியின் உடலில் உங்களுக்கு முக்கியமான பகுதிகள் எல்லாம் ஒரே தளத்தில் அமையும் கோணத்தைத் தேடி, கேமராவின் முதுகை அந்தத் தளத்துக்கு இணையாகப் பிடிக்க வேண்டும். உங்கள் ஊசித்தட்டானையே எடுத்துக்கொள்வோம். அதன் நீளம் 35 மி.மீ. என்று வைத்துக்கொண்டால், பக்கவாட்டிலிருந்து எடுக்கும்போது கேமரா 5 பாகை சாய்ந்திருந்தாலே போதும், கண்ணுக்கும் வால் நுனிக்கும் இடையே ஆழத்தில் 3 மி.மீ. வேறுபாடு வந்துவிடும். பாதி அளவில் கிடைக்கும் மொத்த ஆழமே 3 மி.மீ.தான் என்பதையும், கண்ணில் ஃபோகஸ் வைத்தால் அதில் ஒரு பாதி கண்ணுக்கு முன்னால் வெற்றுக் காற்றில் வீணாகிறது என்பதையும் சேர்த்துப் பாருங்கள்; வால் மங்கியதற்குக் காரணம் விளங்கும். எனவே, பட்டனை அழுத்துவதற்கு முன் கண், மார்பு, வால் நுனி ஆகிய மூன்றையும் திரையில் ஒருமுறை வரிசையாகப் பார்த்துவிட்டு, வால் மங்கலாகத் தெரிந்தால் ஃபோகஸ் வளையத்தைத் தொடாமல், உங்கள் உடலைச் சற்றே பக்கவாட்டில் நகர்த்திக் கோணத்தைச் சரிசெய்யுங்கள். இறக்கைகளை மூடி அமர்ந்திருக்கும் வண்ணத்துப்பூச்சி இந்தப் பயிற்சிக்கு மிகவும் ஏற்றது.

எல்லாவற்றையும் ஒரே தளத்தில் கொண்டுவர இயலாத நிலையில் கண்ணைக் காப்பாற்றுங்கள். கால்களும் இறக்கைகளும் மங்கியிருந்தாலும், கண் கூர்மையாக இருந்தால் பார்ப்பவர் மனம் அப்படத்தை ஏற்றுக்கொள்ளும். இறக்கை நரம்புகள் அத்தனையும் தெளிவாக இருந்து கண் மங்கியிருந்தால் ஏற்றுக்கொள்ளாது.

ஃபோகஸ் செய்யும் முறையிலும் ஒரு மாற்றம் தேவை. தானியங்கி ஃபோகஸ் இந்த நெருக்கத்தில் முன்னும் பின்னும் அலைபாயும். அதை நிறுத்திவிட்டு, வேண்டிய உருப்பெருக்கத்துக்கு வளையத்தைத் திருப்பி அப்படியே விட்டுவிட்டு, கேமராவோடு உங்கள் உடலை மிக மெதுவாக முன்னால் சாய்த்து, கண் தெளிவாகும் கணத்தில் இரண்டு மூன்று படங்களைத் தொடர்ச்சியாக எடுங்கள்.

கேள்வி: டிரைபாட் தேவையா?

பதில்: விடியற்காலையில் அசையாமல் இருக்கும் பூச்சிக்கு உதவும். மற்ற நேரங்களில் அதன் கால்களை விரித்து முடிப்பதற்குள் பூச்சி போய்விடும். முழங்கையைத் தரையிலோ முழங்காலிலோ ஊன்றிக்கொண்டு, செடியின் தண்டை இடக்கை விரல்களால் மெல்லப் பிடித்து, அதே கையின் மேல் லென்ஸைச் சாய்த்துக்கொண்டால், காற்றில் செடி ஆடும்போது கேமராவும் அதனுடனேயே ஆடும். தண்டைத் தொட்டாலே பறந்துவிடும் பூச்சிகளிடம் இது பலிக்காது. புழுக்கள், வண்டுகள், அசுவினிகள் ஆகியவற்றுக்கு மிக நன்றாகப் பலிக்கும்.

கேள்வி: ஃபிளாஷ் போட்டால் வண்டின் முதுகில் வெள்ளைத் திட்டு விழுகிறது. பின்னணியும் இரவுபோல் கறுத்துவிடுகிறது. ஃபிளாஷ் இல்லாமல் எடுத்தாலோ படம் ஆடிவிடுகிறது.

பதில்: மூன்றுக்கும் தனித்தனிக் காரணங்கள் உண்டு. வண்டின் முதுகு ஏறக்குறைய ஒரு கண்ணாடி. துலக்கிய பாத்திரத்தின் வளைவில் ஜன்னலின் உருவம் தெரிவதைப் போல, அதன் ஓட்டில் உங்கள் ஃபிளாஷின் உருவமே தெரிகிறது. வெள்ளைத் திட்டு என்பது அதுதான். ஃபிளாஷின் திறனைக் குறைப்பதால் அது மறையாது. ஒளி வரும் பரப்பைப் பெரிதாக்க வேண்டும். ஃபிளாஷுக்கும் பூச்சிக்கும் நடுவே, பூச்சிக்கு எவ்வளவு நெருக்கமாகக் கொண்டுவர முடியுமோ அவ்வளவு நெருக்கமாக, வெள்ளை நிற டிஃப்யூசர் ஒன்றை வளைத்துப் பொருத்துங்கள். எண்ணெய்த் தாள், மெல்லிய வெள்ளைத் துணி, பொருள்களைச் சுற்றிவரும் வெள்ளை நுரைத் தாள் ஆகிய எதுவும் இதற்கு உதவும். பூச்சியின் இடத்திலிருந்து பார்த்தால் டிஃப்யூசர் வானத்தின் பெரும்பகுதியை மறைக்க வேண்டும். அப்போது திட்டு அகன்று, வெளிறி, விளிம்புகளில் மெல்ல மங்கி, ஓட்டின் வடிவத்தையே எடுத்துக்காட்டும் ஒளியாக மாறிவிடும். ஃபிளாஷ் கேமராவின் தலையிலேயே இருந்தால், ஒளி லென்ஸின் முனையைத் தாண்டிக் கீழே விழும்படி டிஃப்யூசரை முன்னோக்கி நீட்ட வேண்டும் என்பதையும் கவனியுங்கள்.

பின்னணி கறுப்பதற்குக் காரணம், ஒளி தூரத்தின் வர்க்கத்துக்கு எதிர் விகிதத்தில் குறைந்துபோவது. ஃபிளாஷிலிருந்து பூச்சி இருக்கும் தொலைவைப்போலப் பத்து மடங்கு தொலைவில் உள்ள புதருக்கு, பூச்சிக்குக் கிடைத்த ஒளியில் நூறில் ஒரு பங்குதான் சென்று சேரும். இதற்கு எளிய மாற்று, பின்னால் ஓர் இலை அருகில் வரும்படி கோணத்தைத் தேர்ந்தெடுப்பது. அது இயலாதபோது ஐஎஸ்ஓவை (கேமராவின் ஒளியுணர்வு அளவை) 400 அல்லது 800க்கு உயர்த்தி, ஷட்டர் வேகத்தை 1/100 வினாடி அளவுக்குக் குறைத்தால், பின்னணியில் இயற்கை ஒளியும் பதிவாகும்.

படம் ஆடுவதைப் பொறுத்தவரை, ஃபிளாஷ் உங்களுக்கு நண்பன். குறைந்த திறனில் எரியும் ஃபிளாஷின் ஒளி 1/10,000 வினாடி அளவுக்கு மிகச் சுருங்கிய நேரமே நீடிக்கிறது. பூச்சியின் மீது விழும் ஒளியில் பெரும்பங்கு ஃபிளாஷிலிருந்தே வரும்போது, கை நடுக்கமும் செடியின் ஆட்டமும் படத்தில் தெரிவதில்லை.

கேள்வி: எவ்வளவு மெதுவாகப் போனாலும் நான் நெருங்குவதற்குள் பறந்துவிடுகின்றன. பூச்சிகளை ஏமாற்ற ஏதாவது வழி உண்டா?

பதில்: ஏமாற்ற வேண்டாம், அவற்றின் பொழுதுகளைத் தெரிந்துகொண்டால் போதும். பெரும்பாலான பூச்சிகளின் உடல் வெப்பம் சுற்றுப்புறத்தைச் சார்ந்தே ஏறி இறங்குகிறது. இரவின் குளிர்ச்சி நீங்காத விடியற்காலையில் அவற்றின் பறக்கும் தசைகள் இன்னும் சூடேறியிருக்காது. தட்டானின் இறக்கைகளில் பனித்துளிகள் அப்படியே நிற்கும். நண்பகலில் நெருங்கவே விடாத அதே தட்டான், அந்த நேரத்தில் லென்ஸ் நெருங்கி வந்தாலும் அமர்ந்தபடியே இருக்கும். மாலையில் வேறொரு வாய்ப்பு உண்டு. தனித்து வாழும் தேனீ வகைகள் சிலவற்றில் ஆண் தேனீக்கள், காய்ந்த தண்டைத் தாடைகளால் கவ்விப் பிடித்தபடி, சில வேளைகளில் ஒன்றன்மேல் ஒன்றாக வரிசையாக, இரவு முழுவதும் உறங்குகின்றன. அந்தத் தண்டைக் கண்டுவைத்தால், மறுநாள் மாலையும் அங்கேயே போய்ப் பார்க்கலாம்.

பகலில் எடுக்க வேண்டுமானால், துரத்துவதைவிடக் காத்திருப்பதே பலன் தரும். தட்டான்களில் பல, இரை பிடிக்கவோ எதிரியை விரட்டவோ பறந்துபோய்விட்டு, முன்பு அமர்ந்திருந்த அதே குச்சியின் நுனிக்குத் திரும்புகின்றன. அது பறந்துபோன கணமே இன்னும் இரண்டடி முன்னால் சென்று, குச்சியின் நுனியில் ஃபோகஸ் வைத்து, அசையாமல் நில்லுங்கள். நீண்ட பூங்கொத்தில் தேன் எடுக்கும் வண்டுத்தேனீக்கள் பெரும்பாலும் கீழ்ப் பூவில் தொடங்கி மேல்நோக்கி ஏறுகின்றன. ஆகவே அது இப்போது இருக்கும் பூவை விட்டுவிட்டு, அடுத்து வரப்போகும் பூவில் ஃபோகஸ் வைப்பதே புத்திசாலித்தனம். அசுவினிகள் மொய்த்த தண்டுக்கு எறும்புகள் வரும். வேறெங்கும் ஒரு கணம்கூட நிற்காத எறும்பு, அசுவினியின் உடலிலிருந்து வரும் இனிப்புத் துளியைக் குடிக்கும்போது மட்டும் நின்று, உணர்கொம்புகளால் அதை வருடிக்கொண்டிருக்கும். எறும்பின் முகத்தை எடுப்பதற்கு இதைவிட நல்ல தருணம் இல்லை.

நெருங்கும் முறையைப் பற்றியும் சொல்ல வேண்டும். பூச்சிகளின் கூட்டுக்கண்கள் உருவங்களை நம்மைப்போல் நுணுக்கமாகக் காண்பதில்லை. அசைவைக் காண்பதில் நம்மை வெகுவாக மிஞ்சுகின்றன. எனவே வேகமான அசைவும் பூச்சியின் மேல் விழும் உங்கள் நிழலுமே அதை எழுப்பிவிடுபவை. சூரியன் எந்தப் பக்கம் என்று பார்த்து நிழல் விழாத பக்கத்திலிருந்து, உடலைத் தாழ்த்திக்கொண்டு, கேமராவை முன்கூட்டியே கண்ணருகே உயர்த்தி வைத்தபடி நேர்கோட்டில் செல்லுங்கள். அருகில் போனபின் கையை உயர்த்துவதுதான் பலரும் செய்வது. பூச்சி பறப்பதும் அந்தக் கணத்தில்தான்.

கேள்வி: பூச்சியைச் சிறிது நேரம் குளிர்சாதனப் பெட்டியில் வைத்து எடுத்தால் அசையாமல் இருக்கும் என்று நண்பர் சொல்கிறார். செய்யலாமா?

பதில்: செய்யாதீர்கள். அசையாமல் இருக்கும் என்பது உண்மைதான். ஆனால் குளிரில் விறைத்த பூச்சி காலை மடக்கும் விதமும் உணர்கொம்பு தொங்கும் விதமும் இயல்பானவை அல்ல. பூச்சிகளை அறிந்தவர்கள் பார்த்தவுடன் கண்டுகொள்வார்கள். அதைவிட முக்கியமான காரணம், விறைப்பு நீங்குமுன் விடப்பட்ட பூச்சியால் எறும்பிடமிருந்தோ பறவையிடமிருந்தோ தப்ப முடியாது என்பது. ஒரு படத்துக்காக அதன் உயிரைப் பணயம் வைக்கும் உரிமை நமக்கு இல்லை என்று உறுதியாக நம்புகிறேன். கூட்டுப்புழுவிலிருந்து வெளிவந்த வண்ணத்துப்பூச்சியையும் தொடாதீர்கள். சுருங்கியிருக்கும் இறக்கைகளை விரித்து உலர்த்தும்வரை அதற்கு அந்தப் பிடிமானம் வேண்டும். அப்போது கீழே விழுந்தால் இறக்கைகள் கோணியபடியே இறுகி, அது ஒருபோதும் பறக்காமல் போகலாம். படத்துக்கு இடைஞ்சலாக இருக்கும் இலையைக் கிள்ளி எறிவதற்குப் பதில் விரலால் ஒதுக்கிப் பிடித்துவிட்டு, எடுத்தபின் பழைய நிலையிலேயே விட்டுவிடுங்கள். அந்த மறைப்பை நம்பித்தான் பூச்சி அங்கே முட்டையிட்டிருக்கும்.

கேள்வி: செல்பேசியிலேயே எடுக்க முடியுமா?

பதில்: முடியும். பல செல்பேசிகளில் மேக்ரோ என்று வருவது, மிக அகன்ற கோணமுள்ள கேமராவை 2 அல்லது 3 செ.மீ. அருகில் கொண்டுபோய் எடுப்பது. அவ்வளவு நெருங்கும்போது செல்பேசியே ஒளியை மறைத்துவிடுகிறது. தானாக மாறும் அந்த வசதியை நிறுத்திவிட்டு, முதன்மைக் கேமராவின் மேல் பொருத்தும் கிளிப் லென்ஸைப் பயன்படுத்தினால் விவரங்கள் நன்றாக விழும். ஒளி பக்கவாட்டிலிருந்து வரும்படி நில்லுங்கள். சென்சார் சிறியதாக இருப்பதால் தெளிவாக விழும் ஆழம் கூடுதலாகக் கிடைப்பது செல்பேசியின் சிறப்பு.

கேள்வி: பல படங்களை அடுக்கி ஒரே படமாக்கும் ஃபோகஸ் ஸ்டாக்கிங் முறையைத் தோட்டத்தில், கையில் பிடித்தபடி செய்ய இயலுமா?

பதில்: பூச்சி உறக்கத்திலோ பனியில் நனைந்தோ இருக்கும்போது இயலும். எஃப் 5.6 அளவில் வைத்து, தொடர்ந்து படமெடுக்கும் முறையில், கண்ணுக்குச் சற்று முன்னிருந்து தொடங்கிக் கேமராவை மிக மெதுவாக முன்னால் நகர்த்துங்கள். ஒரு படத்தின் தெளிவான பகுதி அடுத்ததன் தெளிவான பகுதியோடு சற்று மேற்பொருந்த வேண்டும். இடையில் விட்டுப்போனால் பூச்சியின் உடலில் மங்கலான பட்டை ஒன்று தோன்றும், அதை எந்த மென்பொருளும் நிரப்பித் தராது. உணர்கொம்பு அசைந்திருந்தால் இரட்டையாக விழும். கண் தெளிவாக உள்ள ஒற்றைப் படம் ஒன்றை முதலில் எடுத்துவைத்துவிட்டு, அதன்பின் அடுக்கத் தொடங்குவது நல்லது.

கேள்வி: எடுத்த பூச்சி எந்த இனம் என்று கேட்டால், படத்தை வைத்துச் சொல்ல முடியவில்லை என்கிறார்கள். அடையாளம் காண எப்படி எடுக்க வேண்டும்?

பதில்: அழகான படமும் அடையாளம் காட்டும் படமும் பல வேளைகளில் வெவ்வேறானவை. முகத்தை மட்டும் நெருக்கமாக எடுத்த படம் கண்ணைக் கவரும். இனத்தைச் சொல்வதற்கு மேலிருந்து ஒன்று, பக்கவாட்டில் ஒன்று, முகத்துக்கு நேராக ஒன்று என மூன்று கோணங்களாவது வேண்டும். இறக்கையின் நரம்புகள் தெரிய வேண்டும். பூக்களின் மேல் அந்தரத்தில் நிற்கும் மலர் ஈக்கள் மஞ்சளும் கறுப்புமாகத் தேனீயையும் குளவியையும் போலவே வேடமிட்டிருக்கும்; தேனீக்கு நான்கு இறக்கைகள், ஈக்கு இரண்டே, அதன் உணர்கொம்புகளும் மிகக் குட்டையானவை. இந்த இரண்டும் தெரியும்படி எடுத்தால் குழப்பம் தீர்ந்துவிடும். மலர் ஈக்களின் பல இனங்களில் ஆணின் இரு கண்களும் தலையின் உச்சியில் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருக்கும், பெண்ணுக்கு நடுவே இடைவெளி இருக்கும். மேலிருந்து எடுத்த ஒரே படத்தில் ஆணா பெண்ணா என்பதும் தெரிந்துவிடுகிறது.

2008ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட ஐநேச்சுரலிஸ்ட் தளத்தில் இப்படிப்பட்ட படங்களைத் தேதி, இடம் ஆகியவற்றோடு பதிவேற்றினால், பூச்சிகளை அறிந்த பிற பயனர்கள் பார்த்து இனத்தைச் சொல்வார்கள். அளவு தெரிவதற்காக, பூச்சி பறந்துபோனபின் அது அமர்ந்திருந்த இலையின் மேல் அளவுகோலை வைத்து இன்னொரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். நீங்கள் எடுத்தது புழுவாக இருந்தால், அது தின்றுகொண்டிருந்த செடியின் இலையையும் பூவையும் தனித்தனியாகப் படமெடுத்துச் சேருங்கள். பல புழுக்கள் குறிப்பிட்ட சில செடிகளை மட்டுமே தின்பவை என்பதால், இனத்தைக் கண்டுபிடிக்க அச்செடியே முதல் துப்பாக அமையும்.